ஒரு வயதுக் குழந்தையின் பங்கை வீட்டுச் சட்டியிலிருந்து எப்போது எடுப்பது?

நீங்கள் எழுதியதின் சாரம் இது: மகனுக்கு ஒரு வயது நிறைந்துவிட்டது, எடை 9.2 கிலோ. இதுவரை மிக்ஸியில் அரைத்த பருப்பு சாதமும் கேழ்வரகுக் கூழும்தான் உணவு. பகலில் மூன்று நான்கு புட்டி பசும்பால், இரவில் தாய்ப்பால். பிறந்தநாளுக்குப் பிறகு பசி குறைந்துவிட்டது. செல்பேசியைக் காட்டினால்தான் வாயைத் திறக்கிறான். ரசம் சாதமும் பிஸ்கட்டும் போதும் என்கிறார் மாமியார். நீங்கள் சைவம், கணவர் வீட்டில் அசைவம் உண்டு. இனி எல்லோரும் சாப்பிடுவதில் எதைக் கொடுக்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கொடுக்கலாம். தனிச் சமையல் தேவையில்லை, கடையில் வாங்கும் டப்பா மாவும் தேவையில்லை. உங்கள் சட்டியில் கொதிக்கும் உணவிலிருந்து அவன் பங்கை எந்தக் கட்டத்தில் எடுக்கிறீர்கள், அதை எவ்வளவு கெட்டியாகக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குழந்தைகளுக்கான உணவு ஆலோசனைதான் என் வேலை. அதில் அடிக்கடி பார்ப்பது, என்ன கொடுப்பது என்று தெரியாத தாய்மார்களை அல்ல. நல்ல உணவைத் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்துவிடுகிறவர்களைத்தான்.

முதலில் பசி குறைந்த விஷயம். இதில் பயப்பட எதுவுமில்லை. மூன்று கிலோவில் பிறக்கும் குழந்தை முதல் ஆண்டில் ஏறத்தாழ ஆறு கிலோ கூடுகிறது. இரண்டாம் ஆண்டு முழுவதற்கும் கூடுவது இரண்டரை கிலோ அளவுதான். வளர்ச்சியின் வேகம் இப்படிப் பாதிக்கும் கீழே இறங்கும்போது பசியும் இறங்கத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் ஒரு வயது ஆண் குழந்தையின் நடுத்தர எடை 9.6 கிலோ. 9.2 என்பது அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பதினொரு கிலோ இருந்தால் அது அந்தப் பிள்ளையின் சங்கதி.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் வேறு. மூன்று நான்கு புட்டி பால் என்றால் முக்கால் லிட்டருக்கு மேல் போகிறது. பசிக்கும் வேளையிலெல்லாம் வயிறு பாலால் நிரம்பிவிட்டால் சோற்றுக்கு இடம் ஏது? அவன் சாப்பிட மறுக்கவில்லை, ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டான். இதைவிடக் கவலைக்குரியது இரும்புச்சத்து. இந்த வயதில் ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கணக்கிட்டிருக்கிறது. ஒரு லிட்டர் பசும்பாலில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. போதாததற்கு, பாலில் உள்ள கால்சியம் மற்ற உணவில் இருக்கும் இரும்பையும் உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கிறது. கொழுகொழுவென்று, வெளுத்த முகத்தோடு, பால் மட்டுமே குடித்து வளரும் குழந்தைகளை மருத்துவமனைகளில் வாரந்தோறும் பார்க்கலாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இந்திய அளவில் அது 67.1 சதவீதம். வறுமை இதற்கு ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டுமே காரணமல்ல. வசதியான வீடுகளில் பால் புட்டியும் பிஸ்கட்டும் அதே வேலையைச் செய்கின்றன.

ஆகவே பாலை நாளைக்கு 300 முதல் 400 மில்லிக்குள் நிறுத்துங்கள். தயிரும் மோரும் இந்தக் கணக்கில் அடங்கும். புட்டியை எடுத்துவிட்டுச் சிறு தம்ளரில் கொடுங்கள். சிந்துவான், துடைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டுக்கு முன்னால் பால் வேண்டாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். கொழுப்பு நீக்கிய பால் இரண்டு வயதுக்கு முன் கூடாது. தாய்ப்பால் இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரலாம், அதை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. 'ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு' என்று விற்கும் பால்மாவு டப்பாக்கள் தேவையற்றவை என்பதே உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் நிலைப்பாடு. பாலைக் குறைத்த முதல் மூன்று நான்கு நாள் அழுகை இருக்கும். அதன் பிறகு பசி தானாக வரும்.

இனிச் சட்டிக்கு வருவோம்.

சாம்பார் வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துவரம் பருப்பும் பூசணியோ கேரட்டோ சுரைக்காயோ மஞ்சள் போட்டு வெந்து நிற்கும் கட்டம் ஒன்று உண்டு. புளியும் மிளகாய்ப்பொடியும் உப்பும் சேராத கட்டம். ஒரு கிண்ணம் பருப்பும் காயும் அப்போதே வெளியே வந்துவிட வேண்டும். அதில் கொஞ்சம் நெய், வறுத்துப் பொடித்த சீரகம், விரும்பினால் ஒரு துளி எலுமிச்சை. உங்களுக்கான சாம்பாரை அதற்குப் பிறகு உங்கள் விருப்பப்படி முடித்துக்கொள்ளுங்கள். கூட்டு என்றால் தேங்காயும் சீரகமும் அரைக்கும்போது மிளகாயைக் கடைசியாகப் போடுங்கள்; அதற்குமுன் எடுத்த விழுது அவனுக்கு. தேங்காய்ச் சட்னிக்கும் இதே முறைதான். பொரியலில் பீன்ஸ், பீட்ரூட் போன்றவற்றைச் சற்றுப் பொடியாக நறுக்கி, அவன் பங்கை மட்டும் கூடுதலாக ஐந்து நிமிடம் மூடி வைத்து வேகவிடுங்கள். வெண்பொங்கல் இந்த வயதுக்கென்றே பிறந்த உணவு: அரிசி, பாசிப்பருப்பு, நெய். மிளகையும் முந்திரியையும் தாளிப்பதற்கு முன் எடுத்துவிட்டால் வேறு எதுவும் செய்ய வேண்டாம். கொங்கு வட்டாரத்துப் பச்சைப்பயறு கடைசல், எந்த ஊர்க் கீரை மசியலானாலும் அதுவும், மிளகாயைக் கிள்ளிப் போடாமல் கடைந்தால் அப்படியே ஆகும்.

தாளிப்பு அவனுக்கு வேண்டாம் என்று சொல்வது சுவைக்காக அல்ல. கடுகு, காய்ந்த மிளகாய்த் துண்டு, கறிவேப்பிலை, கடலைப்பருப்பு ஆகியவை தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். மற்றபடி மஞ்சள், சீரகம், மல்லி, பூண்டு, பெருங்காயம், இஞ்சி எல்லாம் பழகட்டும். காரம்தான் தள்ளிப்போக வேண்டியது, வாசனை அல்ல. குழந்தை உணவு என்றால் வெள்ளையாக, சப்பென்று இருக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

உப்பைப் பற்றி வீட்டில் வாக்குவாதம் வரும். ஒரு வயதுவரை உப்பே வேண்டாம் என்பது சரி. இப்போது மிகச் சிறிது சேரலாம். மூன்று வயதுவரை ஒரு நாளின் மொத்த உப்பு 2 கிராமுக்குள் இருக்கட்டும். அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. இட்லி மாவிலும் தோசையிலும் இருக்கும் உப்பிலேயே ஒரு பகுதி போய்விடுகிறது. அதனால் ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு, சிப்ஸ், பாக்கெட் நூடுல்ஸ் ஆகியவற்றுக்கு இடமில்லை. 'உப்பில்லாமல் எப்படி இறங்கும்' என்று மாமியார் கேட்டால், உப்பில்லாதது நமக்குத்தான் இறங்காது, பழகாத நாக்குக்கு அது குறையாகத் தெரியாது என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். சர்க்கரை இரண்டு வயதுவரை தேவையே இல்லை. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு எல்லாம் பெயரில் மரியாதையானவை, பல்லுக்கு எல்லாம் ஒன்றுதான். தேன் ஒரு வயதுக்குள் ஆபத்து, ஏனெனில் அதில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகளைப் பச்சிளங்குடலால் தடுக்க முடியாது. அந்த ஆபத்துக் காலம் இப்போது கடந்துவிட்டது. ஆனாலும் அது சர்க்கரைதான்.

ரசம் சாதத்துக்கு வருகிறேன், மாமியார் என்னைக் கோபித்துக்கொண்டாலும் சரி. இந்த வயதுக் குழந்தையின் இரைப்பை ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும். உங்கள் மகனுக்கு அது 270 மில்லி சொச்சம், ஒரு பெரிய தம்ளர். தாய்ப்பால் சராசரியாகக் குடிக்கும் குழந்தைக்கு மற்ற உணவிலிருந்து நாளைக்கு 550 கலோரி வேண்டும். அந்தச் சிறு வயிற்றைத் தெளிவு ரசத்தாலும் பருப்புத் தண்ணீராலும் கஞ்சித் தண்ணீராலும் நிரப்பினால், நிரம்பும், ஊட்டாது. பருப்பு வெந்த தண்ணீரில் சத்து இறங்கிவிடும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமானது. புரதம் பருப்பிலேதான் இருக்கிறது, தண்ணீரில் மஞ்சள் நிறம்தான் மிச்சம். ஆட்டுக்கால் சூப்புக்கும் கோழி சூப்புக்கும் இது பொருந்தும்: வாசனை சூப்பில், புரதம் கறியில்.

அப்படியென்றால் ரசம் சாதத்தை விட வேண்டாம், திருத்திக்கொள்ளுங்கள். சோற்றைக் குழைய வேகவைத்து, இரண்டு கரண்டி கெட்டிப் பருப்பு, ஒரு தேக்கரண்டி நெய் அல்லது நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து, அதன்மேல் அடிமண்டியோடு கொஞ்சம் ரசம். கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று வழியக் கூடாது. தயங்கி விழ வேண்டும், அதுதான் பதம். ஒரு தேக்கரண்டி நெய்யில் 45 கலோரி அளவு இருக்கிறது. வயிற்றில் இடம் அடைக்காமல் உணவைச் செறிவாக்க இதைவிட எளிய வழி கிடையாது. ஒரு வேளைக்கு முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம்வரை, 250 மில்லிக் கிண்ணக் கணக்கில். நாளைக்கு மூன்று நான்கு வேளை. இடையில் ஒன்றிரண்டு முறை சிறு தீனி.

கேழ்வரகை விடாதீர்கள். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, வேறு எந்தத் தானியமும் பக்கத்தில் வராது. ஆனால் கூழ் கெட்டியாக இருந்தால் விழுங்க மாட்டான், நீர்க்க வைத்தால் சத்தில்லை என்ற சிக்கல் உங்களுக்குத் தெரியும். முளைகட்டிய மாவு இதைத் தீர்க்கிறது. முளைக்கும்போது உண்டாகும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்து, தண்ணீர் சேர்க்காமலே கூழை இளக்குகிறது. பரோடாவிலும் மைசூரிலும் 1980களில் இதைக் குழந்தை உணவுக்கென்றே ஆராய்ந்தார்கள். கேழ்வரகை இரவு ஊறவைத்துத் துணியில் கட்டி, முளை வந்ததும் நன்றாக உலர்த்தி, கருக வறுக்காமல் அரைத்து வையுங்கள். சாதாரண மாவில் கெட்டியாகக் கூழ் காய்ச்சி, சற்றுச் சூடு தணிந்ததும் இந்த மாவில் அரைத் தேக்கரண்டி கலந்தால் சில நிமிடங்களில் இளகிவிடும். பிறகு மீண்டும் ஒரு கொதி விட்டுக் கொடுங்கள். முளைகட்டுவதால் இரும்பைப் பிடித்துவைக்கும் பைட்டேட்டும் குறைகிறது. இட்லி மாவு புளிக்கும்போதும் இதுதான் நடக்கிறது. நம் பாட்டிமார்கள் இதையெல்லாம் பெயர் தெரியாமலே செய்துவந்தார்கள்.

அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவையும் வாங்கிக்கொள்ளுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். அதில் வெல்லம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் என்பதால் மேலும் இனிப்புச் சேர்க்காதீர்கள்.

இரும்புச்சத்தில் உங்கள் வீட்டின் இரண்டு மரபுகளும் கைகொடுக்கும். அசைவத்தில் இருக்கும் இரும்பு எளிதில் சேரும். நம் ஊரில் 'இரத்தம் ஊற' என்று சுவரொட்டி, அதாவது ஆட்டின் மண்ணீரல், கொடுக்கும் வழக்கம் வெறும் நம்பிக்கை அல்ல. அதில் இரும்பு, ஈரலைக் காட்டிலும் பல மடங்கு. நன்றாக வேகவைத்து, மத்தால் மசித்துச் சோற்றோடு இரண்டு தேக்கரண்டி போதும். ஈரலும் நல்லதுதான், ஆனால் அதில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் வாரத்துக்கு ஒருமுறை, சிறிதளவு. கோழியோ ஆட்டுக்கறியோ என்றால் கொத்துக்கறியாக, குழைய வேகவைத்தது. மீனில் கிழங்கான் சதை மென்மையானது, முள்ளை எடுப்பதும் எளிது. கடற்கரை ஊர்களில் பிள்ளைகளுக்கு முதலில் ஊட்டும் மீன்களில் அதுவும் ஒன்று. சங்கரா, மத்தி போன்றவையும் கொடுக்கலாம், ஆனால் மத்தியில் முள் அதிகம், விரலால் இருமுறை தடவிப் பார்த்துவிட்டு ஊட்டுங்கள். சுறா, மயில்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் குழந்தைக்கு வேண்டாம்.

முட்டை தினமும் ஒன்று கொடுக்கலாம், வெள்ளைக்கருவோடு, முழுதும் வெந்ததாக. மஞ்சள்கரு மட்டும் போதும் என்ற பழைய அறிவுரை இப்போது இல்லை. அரைவேக்காடு கூடாது. இதுவரை கொடுக்கவே இல்லை என்றால் முதல் நாள் ஒரு சிறு துண்டு, பகல் வேளையில். அடுத்த இரண்டு மணி நேரத்தில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி எதுவும் இல்லை என்றால் படிப்படியாகக் கூட்டுங்கள். வேர்க்கடலையும் இப்படித்தான். ஒவ்வாமை வருமோ என்று தள்ளிப்போடுவது நல்லதல்ல. ஒவ்வாமைக்கு அதிக வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே கடலை உணவைப் பழக்கியபோது கடலை ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது என்று 2015இல் வெளியான லண்டன் ஆய்வு காட்டியது. கடும் கரப்பான் இருக்கும் குழந்தை என்றால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முழுக் கடலையாக அல்ல, மிளகாயில்லாத கடலைச் சட்னியாகவோ, தயிர் சாதத்தில் தூவிய பொடியாகவோ. பூஞ்சை பிடித்த, சுருங்கிய பருப்பைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

நீங்கள் அவனைச் சைவமாகவே வளர்க்க விரும்பினாலும் முடியும், கவனம் மட்டும் கூடுதலாக வேண்டும். கீரையில் இரும்பு இருப்பது உண்மை, அதில் உடலில் சேர்வது கொஞ்சம்தான். வைட்டமின் சி பக்கத்தில் இருந்தால் கூடுதலாகச் சேரும். எனவே கீரை மசியலை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள், சாப்பிட்டதும் கொய்யாவின் சதையோ ஆரஞ்சுச் சுளையோ கொடுங்கள். கொய்யாவில் விதைப்பகுதி வேண்டாம். சுண்டல், தட்டைப்பயறு, கொள்ளு ஆகியவற்றை ஊறவைத்து, தோல் கழலும்வரை வேகவைத்து மசித்துத் தினமும் ஒருமுறையாவது சேருங்கள். டீ, காப்பி ஒரு வாய்கூட வேண்டாம். 'தொட்டுக் கொடுத்த' ரஸ்க்குக்கும் இதே பதில்தான், தேநீரில் உள்ள டானின் இரும்பைக் கட்டிவிடுகிறது. வைட்டமின் பி12 தாவரங்களில் கிடைக்காது. தயிரும் பாலும் அதற்கு வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும் நீங்கள் முட்டையும் சாப்பிடாதவர் என்றால் உங்கள் பி12 அளவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தாயிடம் குறைந்தால் பாலிலும் குறையும்.

இப்போது மிக்ஸி. அதை அவன் உணவுக்கு இன்றோடு நிறுத்துங்கள். மென்று தின்னப் பழகுவதற்கான காலம் ஒன்பது பத்து மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. அதற்கு மேலும் கூழாகவே கொடுத்துவந்தால் பிறகு சோற்றுப் பருக்கை பட்டாலே குமட்டும் பிள்ளையாகிவிடுவான். கடைவாய்ப்பல் வரவில்லையே என்பீர்கள். ஈறே போதும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் நசுங்கும் எதையும் ஈறால் மென்றுவிடலாம். முதல் வாரம் மத்தால் கடைந்தது, அடுத்த வாரம் கரண்டியால் மசித்தது, பிறகு கையால் பிசைந்தது என்று நகருங்கள். கூடவே விரலால் எடுத்துச் சாப்பிடுபவை தட்டில் இருக்கட்டும்: நீளவாக்கில் அறுத்த இட்லி, முறுகாத தோசைத் துண்டு, வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஆம்லெட் கீற்று, பப்பாளி, மாம்பழம், வாழைப்பழம். இடியாப்பம் நல்லது, ஆனால் தேங்காய்ப்பாலிலோ கெட்டிப் பருப்பிலோ ஊறியிருக்க வேண்டும். உதிரிப் புட்டு அப்படியே கொடுத்தால் விக்கும். பழம் சேர்த்துப் பிசைந்துவிடுங்கள். சப்பாத்தியைப் பருப்பில் ஊறவைக்காமல் கொடுக்க வேண்டாம்.

விக்கல், குமட்டல் வேறு, மூச்சடைப்பு வேறு. புதிய பதத்துக்குப் பழகும் குழந்தை முகம் சிவந்து, ஓக்கரித்து, வெளியே தள்ளும். அது உடலின் காவல்தான், அப்போது பதறி வாய்க்குள் விரலை விடாதீர்கள். உண்மையில் அஞ்ச வேண்டியவை வேறு. முழு நிலக்கடலை, முந்திரி, வறுத்த கடலை, பாப்கார்ன், முறுக்கு, கடலை உருண்டை, பச்சைக் கேரட், ஆப்பிள் துண்டு, மிட்டாய், ஜெல்லி. முழுக் கடலையும் கொட்டைகளும் ஐந்து வயதுவரை வேண்டவே வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வகிர்ந்தால் மட்டும் கொடுக்கலாம். நம் ஊருக்கே உரிய சில அபாயங்கள் அயல்நாட்டுப் பட்டியல்களில் இருக்காது. சீத்தாப்பழக் கொட்டை, புளியங்கொட்டை, வழுக்கிச் செல்லும் நுங்கு, பலாச்சுளை. நுங்கைத் தோல் நீக்கி மசித்து, சீத்தாப்பழத்தைக் கொட்டை ஒன்றுவிடாமல் எடுத்து, பேரீச்சையை ஊறவைத்துக் கூழாக்கிக் கொடுங்கள். தாத்தா மென்றுகொண்டிருக்கும் பொட்டுக்கடலையிலிருந்து 'ஒரேயொரு' கடலை கை மாறுவதுதான் எல்லா வீட்டிலும் நடப்பது. அதை நீங்கள் தடுத்தால் சண்டை வரும், கணவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். ஓடும்போதும், படுத்திருக்கும்போதும், வண்டியில் போகும்போதும் வேண்டாம். ஒருவேளை அடைத்துக்கொண்டால், சத்தமாக இருமுகிறவரை இருமவிடுங்கள். சத்தம் வராமல், மூச்சுவிட முடியாமல் திணறினால், முகம் கீழே சாய்ந்திருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வெளியே வரவில்லை என்றால், ஒரு வயது கடந்த குழந்தைக்குப் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கும் மார்பெலும்புக்கும் நடுவே ஐந்து முறை உள்நோக்கி மேல்நோக்கி அழுத்த வேண்டும். பொருள் வெளிவரும்வரை இரண்டையும் மாறிமாறிச் செய்துகொண்டே 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். இதை வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோரும் ஒருமுறை நேரில் செய்து பழகியிருக்க வேண்டும்.

பிஸ்கட்டில் இருப்பது மைதா, சர்க்கரை, பாமாயில். 'ஆரோரூட்', 'பால்' என்று மேலட்டையில் என்ன எழுதியிருந்தாலும் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பாலில் ஊறிய நாலு பிஸ்கட் ஒரு வேளை உணவின் பசியைத் தின்றுவிடும். மாமியாரை எதிரியாக்கிக்கொள்ளாமல் அந்த இடத்தில் வேறொன்றை வையுங்கள்: வாழைப்பழம், அவல் ஊறவைத்தது, பனியாரம், கொழுக்கட்டையின் மென்மையான பகுதி. ஊட்டும் மகிழ்ச்சி அவரிடமே இருக்கட்டும். பழச்சாறு வேண்டாம், பழமே கொடுங்கள். இந்தியக் குழந்தை மருத்துவக் குழுமமும் இரண்டு வயதுவரை பழச்சாறைத் தவிர்க்கவே சொல்கிறது. ஊட்டச்சத்துப் பானப் பொடிகளைப் பற்றி எழுதி நேரத்தை வீணாக்கப் போவதில்லை.

தயிரும் வாழைப்பழமும் ஆரஞ்சும் சளி பிடிக்க வைக்கும் என்பார்கள். சளி வருவது வைரஸால். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கொடுக்காமல் இருந்தால் போதும்.

செல்பேசியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடும் குழந்தை தன் வயிறு நிறைந்ததைக் கவனிப்பதில்லை, சுவையையும் கவனிப்பதில்லை. அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் வகுத்த பங்கீட்டை நான் எல்லாப் பெற்றோரிடமும் சொல்வேன்: எதை, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு, எவ்வளவு, சாப்பிடுவதா இல்லையா என்பது குழந்தையின் முடிவு. நீங்கள் சாப்பிடும்போது அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவனுக்கென்று ஒரு தட்டு வையுங்கள். பாதி தரையில் போகும், கால்வாசி தலையில் போகும். ஒரு கை அவனாக எடுக்கட்டும், இன்னொரு பக்கம் நீங்கள் ஊட்டுங்கள். இருபது முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். மறுத்துவிட்டான் என்பதற்காக அரைமணி நேரத்தில் பாலைக் கொடுத்தால் அடுத்த வேளையும் மறுப்பான். புதிய காய் ஒன்றைப் பத்துப் பதினைந்து முறை காட்டிய பிறகே பல குழந்தைகள் வாயில் வைக்கின்றன. இரண்டு முறை துப்பியதும் 'அவனுக்குப் பாகற்காய் பிடிக்காது' என்று தீர்ப்பு எழுத வேண்டாம்.

ஒரு நாள் எப்படி இருக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். காலையில் எழுந்ததும் தாய்ப்பால். எட்டரை மணிக்கு இட்லி ஒன்றரை, நெய்யோடு கெட்டிப் பருப்பு. பதினொன்றுக்குப் பழம். ஒரு மணிக்குச் சோறு, சாம்பாரிலிருந்து எடுத்து வைத்த பருப்பும் காயும், ஒரு முட்டை. தூங்கி எழுந்ததும் தம்ளரில் பால். ஐந்து மணிக்கு வெந்த சர்க்கரைவள்ளியோ சுண்டல் மசியலோ. ஏழரைக்குக் கேழ்வரகுக் கூழோ வெண்பொங்கலோ, கொஞ்சம் கீரையுடன். அப்புறம் தாய்ப்பால், பல் துடைத்துவிட்டு உறக்கம். இதில் ஒரு வேளையை அவன் முழுதும் ஒதுக்கிவிடும் நாளும் வரும். ஒரு நாளைப் பார்க்காதீர்கள், ஒரு வாரத்தைப் பாருங்கள். காலையில் சமைத்த சோற்றையும் பருப்பையும் மாலைவரை வெளியே வைத்திருந்து கொடுக்க வேண்டாம். அவன் எச்சில் கரண்டி பட்ட மிச்சத்தை எடுத்து வைக்கவும் வேண்டாம்.

கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ இரும்புச்சத்து டானிக் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, வாரத்துக்கு இருமுறை ஒரு மில்லி என்பது அரசுத் திட்டம். அதில் 20 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மலம் கறுப்பது இயல்புதான். குடற்புழு நீக்க நாளில் ஒன்று முதல் இரண்டு வயதுவரை அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். இந்த ஆண்டு அவனுக்கும் அது உண்டு. வைட்டமின் ஏ சொட்டு ஒன்பது மாதத்தில் கொடுத்தார்களா என்று தடுப்பூசி அட்டையைப் பாருங்கள், அடுத்தது பதினாறு மாதத்துக்கு மேல்.

மண், சுண்ணாம்பு, சாம்பல் போன்றவற்றைத் தேடித் தின்கிறான், உள்ளங்கையும் கீழ்இமையும் வெளுத்திருக்கின்றன, இரண்டு மூன்று மாதமாக எடை நகரவில்லை, திடமான எதை வைத்தாலும் ஒவ்வொரு முறையும் வாந்தி எடுக்கிறான் அல்லது இருமுகிறான், மலம் கல்லாக இறுகி இரத்தம் படுகிறது என்றால் இதற்கு மேல் உணவு மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். முக்கால் லிட்டர் பால் குடித்துவந்த பிள்ளை என்பதால், எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது ஹீமோகுளோபின் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். 11 கிராமுக்குக் கீழே இருந்தால் டானிக்கின் அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்களாகக் கூட்டாதீர்கள்.